சொல் ஜோடியா, வாக்கிய அட்டையா? போலந்துக்காரர்கள் ஆங்கில அலுவலகச் சொற்களைப் படிக்க எது தோது

போலந்தில் மொழி படிப்பவர்களுக்கு ஃபிஷ்கி என்றால் தெரியும். சின்ன அட்டை, ஒரு பக்கம் போலிஷ் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல். கடையில் பெட்டியாக வாங்கலாம், ஆன்கி செயலியில் ஆயத்தத் தொகுப்பாக இறக்கிக்கொள்ளலாம். இன்னொரு வழி, முழு ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் காலியாக விட்டு நாமே அட்டை போடுவது. குடை, மேசை, ரயில் டிக்கெட் வரைக்கும் ஜோடி அட்டை போதும், வேகமும் அதிகம். வேலையிடத் தகராறு, புகார், எச்சரிக்கை என்று வந்துவிட்டால் வாக்கிய அட்டைதான் சரி.

'ஸ்வொல்னியெனியே' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். வேலையை விட்டு நீக்குவதற்கும் அதே சொல், டாக்டர் சீட்டுடன் எடுக்கும் மருத்துவ விடுப்புக்கும் அதே சொல். ஜோடி அட்டையில் 'டிஸ்மிஸல்' என்று மட்டும் படித்தவர், காய்ச்சலில் படுத்திருப்பதைச் சொல்லப்போய் வேலை போய்விட்டது என்று சொல்லிவிடுவார். 'டிமிஸ்யா' இன்னும் மோசம்: டிஸ்மிஸல் போல ஒலிக்கும், ஆனால் பெரும்பாலும் பதவி விலகல்தான் பொருள். 'பிரெடென்ஸ்யா' என்றால் மனக்குறை, வருத்தம். ஆங்கில 'பிரிடென்ஷன்' வெறும் பகட்டு. 'மாபிங்' போலந்துத் தொழிலாளர் சட்டத்தில் 2004 முதல் இருக்கும் சொல். பிரிட்டிஷ் அலுவலகத்தில் அதற்குப் 'புல்லியிங்' என்றுதான் பெயர்.

இவற்றையாவது பட்டியல் போட்டுத் திருத்திவிடலாம். வேற்றுமை உருபுதான் ஜோடி அட்டையில் ஒட்டவே ஒட்டாது. போலிஷில் ஒருவர் 'மேல்' புகார் செய்வார்கள். 'நா' என்ற முன்னிடைச்சொல், நம் 'அவர்மேல் புகார்' மாதிரியே. அதை அப்படியே மாற்றி 'கம்ப்ளெயின் ஆன் ஹிம்' என்கிறார்கள். வேண்டியது 'அபௌட்'. குற்றம் சாட்டுவதற்குப் போலிஷில் 'பற்றி' என்னும் பொருள்படும் 'ஓ' வரும், அதனால் 'அக்யூஸ்ட் மி அபௌட்' என்று எழுதுகிறார்கள். வேண்டியது 'ஆஃப்'. மன்னிப்புக் கேட்கும் வினைக்குப் போலிஷில் நேரடிச் செயப்படுபொருள், ஆகவே 'அபாலஜைஸ்ட் ஹிம்' என்று நடுவில் 'டு' விடுபட்டுவிடும். எழுத்துப்பூர்வமான புகாரில் இந்தச் சின்னச் சொற்கள்தான் கண்ணை உறுத்தும்.

இனி பராமரிப்பு. முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியது இதைத்தான். பலரும் அட்டை செய்யும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். வாக்கிய அட்டைக்கு 2, 3 நிமிடம் ஆகும், ஆயத்தத் தொகுப்புக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். செலவு பிறகு வருகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்கும் மென்பொருளே போலந்தில் பிறந்தது. பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் சூப்பர்மெமோவை எழுதினார், ஆன்கியின் பழைய கணக்கும் அதிலிருந்து வந்ததே. அந்தக் கணக்கில் புது அட்டையின் பெருக்கம், அதாவது சரியாகச் சொன்னால் அடுத்த இடைவெளி எவ்வளவு நீளும் என்ற அளவு, 250 சதவீதம். ஒவ்வொரு தவறுக்கும் 20 புள்ளி குறையும், 130-க்குக் கீழே போகாது. ஆறு தவறில் தரை தட்டிவிடும். அதன் பிறகு அந்த அட்டை நாள் தள்ளிப் போகாமல் அடிக்கடி வந்து நிற்கும். இரண்டு பதில் உள்ள ஸ்வொல்னியெனியே அட்டை இப்படித்தான் ஆகிறது. எட்டாவது தவறில் ஆன்கி அதை 'லீச்', அதாவது அட்டை என்று குறிக்கும். ரத்தம் உறிஞ்சும் அட்டையைத்தான் சொல்கிறது, பொருத்தமான பெயர். வாக்கிய அட்டையில் பதில் ஒன்றுதான், ஆகவே இந்தச் சிக்கல் குறைவு.

ஆன்கி தானாக நாளுக்கு 20 புது அட்டை தரும். அதை 5 ஆக்கிவிடுங்கள். நடைமுறையில் தினசரி மீள்பார்வை புது அட்டையைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு வரை ஏறும், ஆளுக்கு ஆள் மாறும். 20 என்றால் வேலைக்குப் போகிறவரால் தாங்க முடியாது.

வாக்கியம் பன்னிரண்டு சொல்லுக்குள் இருக்கட்டும். ஒரே ஒரு காலியிடம். 'ஷி அக்யூஸ்ட் ஹிம் ___ லையிங்' என்பது நல்ல அட்டை. 'எ ___ வார்னிங்' கெட்ட அட்டை: வெர்பல், ரிட்டன், ஃபைனல் எல்லாமே பொருந்தும். முதல் எழுத்தைக் குறிப்பாகக் கொடுத்தால் சரியாகும். இன்னொரு குறை, சொல்லைப் படிக்காமல் வாக்கியத்தின் முகத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுவது. இடைவெளி 21 நாளைத் தாண்டியதும் அதே சொல்லுக்கு வேறு வாக்கியம் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

சட்டச் சொற்களில் மட்டும் இரண்டு வகை அட்டையும் கைகொடுக்காது. போலந்துத் தொழிலாளர் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் வரும் கண்டிப்புத் தண்டனையான 'உபொம்னியெனியே', அதைவிடக் கடுமையான 'நாகானா' இரண்டும் பிரிட்டிஷ் எச்சரிக்கைப் படிகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தாதவை. அவற்றின் பின்பக்கத்தில் ஒற்றைச் சொல்லுக்குப் பதில், அது என்ன தண்டனை என்று இரண்டு வரி எளிய ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள்.