காசு கட்டும் முன் மாஸ்டரின் காலைப் பாருங்கள்: சென்னை டிரைவிங் ஸ்கூல்கள் எப்படி?

லைசென்ஸ் வாங்கித் தருவதில் நம்மூர் டிரைவிங் ஸ்கூல்களைக் குறை சொல்ல முடியாது. ஓட்டக் கற்றுத் தருவதில்தான் பல இடங்களில் பாதிக் கிணறு தாண்டிய கதை. கோர்ஸ் முடிந்து லைசென்ஸும் கைக்கு வந்த பிறகு, வீட்டுக் காரை எடுத்தால் தெருமுனை போவதற்குள் மூன்று தடவை ஆஃப் ஆகிறது என்று புலம்பாதவர்கள் குறைவு. திறமைக் குறைவு என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பயிற்சி வண்டியில் கிளட்ச்சை அவர்கள் மிதிக்கவே இல்லை, மாஸ்டர்தான் மிதித்தார் என்பதே விஷயம்.

பயிற்சிக் காரில் இடது பக்க சீட்டின் முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ராடு அல்லது கேபிள் வழியாக அவை உங்கள் பெடல்களோடு சேர்ந்திருக்கும். மாஸ்டர் மிதித்தால் உங்கள் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். சந்தேகமாக இருந்தால் இடது காலைக் கிளட்ச் மேல் பட்டும் படாமல் வைத்துக் கவனியுங்கள். நீங்கள் அமுக்குவதற்கு முன்பே பெடல் உள்ளே போகிறதா, வண்டியை ஓட்டுவது அவர். ஸ்டியரிங்கிலும் இதே கதைதான். திருப்பம் வந்தால் அவருடைய வலது கை கீழ்ப்பக்கமாக வந்து பிடித்துக்கொள்ளும். முதல் நாலைந்து வகுப்பு வரை இது தேவைதான். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், "மாஸ்டர், காலை எடுத்துருங்க, ஆஃப் ஆனா நானே ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நல்ல மாஸ்டர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். மறுப்பவரையும் முழுக்கத் திட்ட முடியாது. கிளட்ச் பிளேட் போனால் ஓனரிடம் பேச்சு வாங்குவது அவர்தான், பின்னால் ஹாரன் அடிப்பவனும் அவரைத்தான் முறைப்பான்.

அடுத்தது நேரக் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 31ஆம் விதிப்படி சொந்த உபயோகக் காருக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. "அரை மணி நேரம், இருபது கிளாஸ்" என்று சொன்னால் 10 மணி நேரம் வந்துவிடுகிறது, காகிதத்தில். காலை ஆறு மணிக்கு அதே வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஒருவரை வீட்டில் இறக்கி, இன்னொருவரை ஏற்றி என்று போனால், உங்கள் கையில் ஸ்டியரிங் இருப்பது இருபது நிமிடம். இருபது வகுப்புக்கு 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதும் பாடம்தான் என்பார்கள். ஓரளவு உண்மை, ஆனால் பார்த்துப் பார்த்துக் கிளட்ச் பிடிபடாது. ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்யப் படிவம் 15 என்று ஒன்று இருக்கிறது. கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள், அன்றன்றைக்கு நிரப்பச் சொல்லுங்கள்.

ஹாஃப் கிளட்ச் சொல்லித்தரும் விதத்தை வைத்தே ஒரு ஸ்கூலை எடைபோட்டுவிடலாம். சரியான முறை இது: சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மெல்ல மெல்ல விட வேண்டும். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனமாகும், வண்டி லேசாக அதிரும். அங்கேயே காலை நிறுத்தினால் கார் தானாக ஊர ஆரம்பிக்கும். இதையே பத்துப் பதினைந்து தடவை செய்தால் கால் அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். அந்த இடத்தைத் தாண்டிப் பட்டென்று காலை எடுப்பதால்தான் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிறது. பல மாஸ்டர்கள் இந்தப் பயிற்சிக்கு அரை வகுப்புகூட ஒதுக்குவதில்லை. நேராக "கிளட்ச்சை விடு, ரேஸ் கொடு" என்று ரோட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேய்ந்துபோன பயிற்சி வண்டியில் பெடல் ஏறக்குறைய முழுசாக மேலே வந்த பிறகே கிளட்ச் பிடிக்கும். வீட்டிலுள்ள புது வண்டியில் அதைவிடக் கீழேயே பிடித்துவிடும். அதனால் கடைசி நாலு வகுப்பையாவது சொந்தக் காரில் எடுக்க மாஸ்டர் வருவாரா என்று சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் டபுள் பெடல் இருக்காது என்பதால் சிலர் வர மாட்டார்கள், சிலர் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம், தகும்.

மேடு ஏறச் சொல்லித்தராத ஸ்கூல் சென்னைக்கு ஆகாது. கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் சிக்னல் நெரிசலில் நின்று கிளம்ப வேண்டிவரும், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையிலிருந்து ஊர்ந்து மேலேற வேண்டிவரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்குவது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். வண்டி பின்னால் உருளாது. "மேட்டுல நான் பாத்துக்கிறேன்" என்று மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்துக் கடத்திவிட்டால், அந்தப் பாடம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

தப்பாகச் சொல்லித்தரப்படுபவற்றில் முதலிடம், எந்த வேகத்திலும் கிளட்ச்சை அமுக்கிவிட்டே பிரேக் போடுவது. வண்டி ஆஃப் ஆகாமல் இருக்க மாஸ்டர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இது. மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது கிளட்ச்சை அமுக்கினால் இன்ஜின் தரும் தடுப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கின் மேல். முதலில் பிரேக், வண்டி நிற்கப்போகும் நேரத்தில் கிளட்ச். கண்ணாடி பற்றிப் பேச்சே இருக்காது. சில பயிற்சி வண்டிகளில் இடது பக்கக் கண்ணாடி மடக்கியே கிடக்கும். முதல் நாள் அதைத் திறக்கச் சொல்லும்போது மாஸ்டர் முகம் போகும் போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

ரிவர்ஸ் எடுப்பதும் பார்க்கிங்கும் பேக்கேஜில் பெயரளவுக்குத்தான். ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வார் என்பதால், டெஸ்டுக்கு முந்தைய நாள் ஒரு தடவை காட்டுவார்கள். மூன்று வகுப்பாவது தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மாருதி டிரைவிங் ஸ்கூல் மாதிரி கம்பெனிப் பள்ளிகளில் சிமுலேட்டர், உட்காரவைத்து நடத்தும் வகுப்பு எல்லாம் உண்டு. கட்டணம் தெருமுனை ஸ்கூலைவிட அதிகம். எந்தக் காலுக்கு எது, கியர் எந்த வரிசை என்பதைச் சிமுலேட்டர் பயமில்லாமல் பழக்கிவிடும். கிளட்ச் பிடிக்கும் அந்த அதிர்வை அது தராது. முதல் தடவை ஸ்டியரிங் தொடுபவர்களுக்குக் கம்பெனிப் பள்ளி, ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தும் ஓட்டாமல் விட்டவர்களுக்கு நல்ல மாஸ்டர் உள்ள தெருமுனை ஸ்கூல் என்பது என் பரிந்துரை. ஸ்கூலின் போர்டைவிட மாஸ்டர் முக்கியம். பாதியில் ஆளை மாற்ற மாட்டீர்களே என்று கேட்டுவிட்டே சேருங்கள். பெண் மாஸ்டர் வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேட்க வேண்டும்.

பணம். மத்திய விதியின்படி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) 150, அதற்கான தேர்வு 50, ஓட்டும் டெஸ்ட் 300, லைசென்ஸ் 200. ஆக 700 ரூபாய், அதன் மேல் சேவைக் கட்டணம். "லைசென்ஸோட சேர்த்து" என்று சொல்லும் தொகையில் இதைக் கழித்துவிட்டு மீதியை ஓட்டும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த ஸ்கூல் சில சமயம் விலை கூடியதாகிவிடும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். "டெஸ்ட்ல பார்த்துக்கலாம்" என்று அவசரப்படுத்தினால் மசியாதீர்கள். தோற்றால் மறு டெஸ்டுக்கு 7 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று தடவை தோற்றால் 60 நாள். அந்த மறு டெஸ்டுக்கு வண்டி கொடுக்கத் தனியாகப் பணம் கேட்பார்களா என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.