ஊசியில் போகும் ஜெல்லா, உறையோடு வரும் ஜெல்லா?

குழித்துறையில் இருக்கும் சித்தப்பா முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பில் இரண்டு டிஸ்க் போயிற்று. கேரள எல்லையில் பாறசாலையைத் தாண்டினால் அதற்கு 'நடுவேதனை' என்று பேர், வலி ஒன்றுதான். போன மாதம் எம்ஆர்ஐ படத்தை நீட்டி, "மக்களே, இந்தக் கறுத்ததை எடுத்துட்டு ஜெல் வைக்கலாமாமே? நீ அதைத்தானே சோதிக்கிற?" என்றார்.

அதைத்தான் சோதிக்கிறேன், திருவனந்தபுரம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில். ஆனால் எந்த ஜெல் நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்து, நுங்கு மாதிரி. வெளியே நார்ச்சுவர், உள்ளே தண்ணீர் நிறைந்த சதை. இளவயதில் அந்தச் சதையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். வயதாக ஆக அது வற்றும். படத்தில் வெளுப்பாகத் தெரிய வேண்டியது கறுப்பாகத் தெரியும். வற்றிய சதைக்குப் பதில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹைட்ரோஜெல்லை வைத்தால் என்ன என்பதுதான் யோசனை. 1960களில் ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் எஃகு உருண்டையையே வைத்துப் பார்த்தார். உருண்டை எலும்புக்குள் புதைந்தது. ஆக, இரும்பு வேண்டாம், மெத்து வேண்டும்.

போட்டியில் மூன்று பேர். முதலாவது பாலிவினைல் ஆல்கஹால் ஜெல். உறைய வைத்து, உருக வைத்து, மறுபடி உறைய வைத்தாலே இறுகிவிடும், ரசாயனம் ஏதும் சேர்க்க வேண்டாம். இரண்டாவது பாலிஅக்ரிலோநைட்ரைல் வகை ஜெல்லை பாலிஎத்திலீன் நூல் உறையில் அடைத்தது; மனிதர்களுக்கு முதலில் வைத்தது 1996இல். உலர்ந்த நிலையில் சின்னதாக உள்ளே போய், தண்ணீர் குடித்து ஊதும். மூன்றாவது, ஊசி வழியாகத் திரவமாகப் போய் உள்ளேயே கட்டியாவது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் தட்டில் இறுகுமே, அதே சங்கதி.

அழுத்திப் பார்க்கும் சோதனையில் மூன்றுமே பாஸ். இங்கேதான் ஏமாறுவோம். நுங்கைத் தோண்டி எடுத்து விரலால் அழுத்தினால் நசுங்கும். ஓட்டுக்குள் இருக்கும்போதே அழுத்தினால் விரல்தான் வலிக்கும். மனித டிஸ்க்கின் உள்சதையும் அப்படியே. சுவரில்லாமல் அழுத்தினால் விறைப்பு 5 கிலோபாஸ்கல் அளவில் வரும். சுற்றிலும் அடைத்து அழுத்தினால் 1 மெகாபாஸ்கலை, அதாவது ஆயிரம் கிலோபாஸ்கலைத் தொடும். ஒரே பொருள், இருநூறு மடங்கு வித்தியாசம். 'எங்கள் ஜெல் இயற்கைச் சதைக்குச் சமம்' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எப்படிப் பிடித்து அழுத்தினீர்கள் என்பதைத்தான்.

தண்ணீரும் அப்படித்தான். எங்கள் கூடத்தில் பயிற்சிக்கு வந்த பையன் உப்புநீருக்குப் பதில் வெறும் வடிநீரை ஊற்றிவிட்டான். மறுநாள் காலையில் இரண்டாவது வகை ஜெல் கப்பக்கிழங்கு மாதிரி ஊதி, பிடிப்பானில் சிக்கி நின்றது. அதில் மின்னூட்டம் உண்டு. உப்பு இருந்தால் அடங்கும், இல்லாவிட்டால் அளவில்லாமல் ஊதும். பாலிவினைல் ஆல்கஹால் ஜெல்லோ நேற்று வைத்தபடியே இருந்தது. அந்த வகையில் அதற்கு ஒரு மார்க் கூட.

அப்புறம் பாரம். ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள்ளேயே உணரியை வைத்து அளந்து 1999இல் வெளியிட்டார்கள். படுத்தால் 0.1 மெகாபாஸ்கல், நின்றால் 0.5, முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போலப் பத்துப் பதினோரு மடங்கு! சோதனையில் ஜெல் பாரத்தை ஒரு கோடி முறை தாங்க வேண்டும். வினாடிக்கு ஒரு அழுத்து என்றால் 116 நாள். இதய வால்வு என்றால் மெஷினை வேகமாக ஓட்டி முடித்துவிடலாம். ஜெல்லில் அது நடக்காது. தண்ணீர் வெளியேறித் திரும்பி வர நேரம் வேண்டும், அவசரப்படுத்தினால் சூடாகும்.

ஆனால் உண்மையில் ஆளைப் பிரிப்பது வேறொன்று: உள்ளே போன வழியே வெளியே வருகிறதா? வைப்பதற்காகச் சுவரை அறுக்கிறோம், அந்த அறுப்பு முழுசாக மூடுவதில்லை. பாலிவினைல் ஆல்கஹால் ஜெல்லைப் பபூன் குரங்குகளில் வைத்தபோது சிலவற்றில் நழுவி வெளியே வந்தது. வழுக்கும் பொருள், வேறென்ன செய்யும். நூலுறை வகை மனிதர்களிலேயே இடம் பெயர்ந்தது; விறைப்பு கூடியதால் மேல்கீழ் எலும்புத் தட்டுகளும் அடிபட்டன. நேராக அழுத்தும் மெஷினில் இது தெரியாது. வளைத்து, திருப்பி, சுவரில் அறுப்போடு சோதிக்க வேண்டும்.

ஊசி ஜெல்லுக்குத் துளை சின்னது. உள்ளே இருக்கிற சந்துபொந்தெல்லாம் நிரம்பிக் கவ்வும். குறை இல்லாமலில்லை. இறுகும் முன் கசியலாம், இறுகும்போது மிஞ்சும் ரசாயனம் பக்கத்துச் செல்லுக்கு ஆகுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும், தப்பாக இறுகிவிட்டால் முழுசாக எடுக்கவும் முடியாது. இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான்.

சித்தப்பாவிடம் சொன்னேன்: கீழ் டிஸ்க்கின் பின்சுவர் பிளந்து, உயரமும் குறைந்திருக்கிறது, அதற்கு இந்த மூன்றுமே ஆகாது. மேல் டிஸ்க்கில் சுவர் முழுசாகத்தான் தெரிகிறது, அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "அப்போ அந்த ஊசி?" என்றார். மெஷின் 61 லட்சமாவது அழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது சித்தப்பா, இன்னும் 45 நாள் கிடக்கிறது.