“பூச்சி பெயிண்டை எரிச்சிருச்சு” என்று சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள்: வேன் வைத்திருப்பவர்கள் கவனம்

நல்லூர், கதிர்காமம் என்று ஹயர் (வாடகைப் பயணம்) ஓடுகிற நம் மலையகத்து வேன்காரர்களும், சொந்த வாகனத்தில் குடும்பத்தோடு போய் வருகிறவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். சர்விஸ் ஸ்டேஷனில் யாராவது “பூச்சி பெயிண்டை எரிச்சிருச்சு, நனோ கோட்டிங் அடிச்சாத்தான் நிக்கும்” என்று ஆரம்பித்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எனக்கு 24,000 ரூபா போனது. பொனட்டும் இரண்டு ஹெட்லைட்டும் கெட்டது அதற்கு மேல்.

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஹயர் ஒன்று போய்விட்டு இரவோடு இரவாகத் திரும்பினோம். ஏ9 வீதியில் மாங்குளம், வவுனியா என்று காட்டுப் பக்கமாக இரவில் வந்தால் பூச்சி எப்படி அடிக்கும் என்று ஓடினவர்களுக்குத் தெரியும். ஹெட்லைட் வெளிச்சத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்து விழும். தம்புள்ளை தாண்டும்வரை கண்ணாடியில் சிறு தூறல் விழுகிற சத்தம்தான். வைப்பர் போட்டால் இன்னும் மோசம், எல்லாம் இழுபட்டுப் பால் மாதிரி ஆகிவிடும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் குளிருக்கு இந்தளவு பூச்சி இல்லை. அதனாலோ என்னவோ, இதைப் பதமாகக் கழுவி எடுக்கிற பழக்கம் இங்கே நிறைய இடங்களில் கிடையாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பஃபர், ஷெல் (முன் கிரில்), பொனட் முன் விளிம்பு எல்லாம் வண்டும் சிறகுமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மறுநாள் கல்யாண ஹயர். எனவே டவுனில் இருக்கிற ஒரு சர்விஸ் ஸ்டேஷனில் விட்டேன். பெயர் போடவில்லை. இதே கதை வேறு டவுன்களிலும் நடக்கிறது என்று சக சாரதிமார் சொல்கிறார்கள், ஆகவே பெயரை விட விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் பிரயோசனம்.

முதல் வேலை, நம்மை அந்தப் பக்கம் நிற்க விடமாட்டார்கள். “அண்ணே, தண்ணி தெறிக்கும், ஒபிஸ்ல இருங்க, டீ சொல்றேன்” என்றான் பையன். ஒபிஸில் இருந்து பார்த்தால் வேனின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். பிரெஷர் கன் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. நான் எழுந்து போனபோது ஒரு பையன் கையில் சட்டி தேய்க்கிற பச்சை நார். என்னைக் கண்டதும் வாளிக்குள் போட்டுவிட்டான். “அதை ஏன்டா தம்பி எடுத்த?” என்று கேட்டதற்கு, “டயருக்கு அண்ணே” என்றான்.

பிறகு மனேஜர் வந்தார். போன் டோர்ச்சை பொனட்டில் அடித்துக் காட்டினார். கருநீல மெட்டாலிக் பெயிண்ட். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நூல் நூலாக வட்டக் கீறல். “பாருங்கண்ணே, பூச்சியில எசிட் இருக்கு. ராவெல்லாம் ஒட்டியிருந்து பெயிண்டத் தின்னுருச்சு. இப்பவே கட் அன்ட் பொலிஷ் பண்ணி நனோ கோட்டிங் அடிச்சா தப்பும். 35,000 வரும், உங்களுக்கு 24 போட்டுத் தாரேன்.” கல்யாண ஹயர், மாப்பிள்ளை வீட்டார் வேனைப் பார்ப்பார்கள். சரி என்றேன். நான் சோறு சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் கோட்டிங் முடிந்துவிட்டது! கண்ணாடி மாதிரிதான் மினுங்கியது. பில்லில் எழுதியிருந்தது ‘ஃபுல் சர்விஸ்’ என்று மட்டும்.

ஹட்டனில் மழைக்கா பஞ்சம்? நாலு மழை பட்டதும் மினுக்கம் ஓடிவிட்டது. கீறல்கள் அப்படியே மேலே வந்தன. ஹெட்லைட் இரண்டும் புகை பிடித்த மாதிரி.

இதற்குப் பிறகுதான் தெரிந்த டிங்கரிங் பாஸ் (வாகன பொடி வேலைக்காரர்) ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கதை பேசவில்லை. முன் நம்பர் பிளேட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினார். பிளேட்டுக்குப் பின்னால், விளிம்போரம், அந்தப் பச்சை நார் எட்டாத இடத்தில், அந்த ராத்திரியில் அடித்த பூச்சிகள் இன்னும் இருந்தன. ஒரு வண்டின் கால்கூட அப்படியே ஒட்டியிருந்தது. பழைய சாரத் துணியொன்றை ஷம்பூ தண்ணீரில் நனைத்து அதன்மேல் போட்டார். நாங்கள் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அப்படியே கிடந்தது. பிறகு துணியை எடுத்து ஒரே ஒரு தடவை மெதுவாக வழித்தார். எல்லாம் கூழாகி வந்துவிட்டது. கீழே பெயிண்ட் புத்தம் புதுசு! டோர்ச் அடித்துப் பார்த்தோம், ஒரு கோடு இல்லை. ஒரு விரல்கடை மேலே, பையன் கழுவிய இடத்தில், கீறல் நிறைந்து கிடக்கிறது. அதே பூச்சி, அதே ராத்திரி. மனேஜர் சொன்ன எசிட் பிளேட்டுக்குப் பின்னால் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

மனேஜர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதனால்தான் பொய் எடுபடுகிறது. பூச்சியின் உடம்பு நீரில் இருப்பது பெரும்பாலும் புரதம். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அது காய்ந்து இறுகும். நாட்கணக்கில் வெயிலில் விட்டால் அழுகி, பெயிண்டின் மேல் இருக்கிற கிளியர் கோட்டில் தடம் பதியும். ஆனால் அந்தத் தடம் பூச்சி விழுந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். பொனட் முழுக்க வட்டம் வட்டமாக ஓடுகிற கீறலைப் பூச்சி போட முடியாது. அது கை போட்ட கீறல். கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரோன்தான் இருக்கும், தலைமுடியை விட மெல்லியது. சட்டி நாரும் அதோடு மண்ணும் சேர்ந்தால் அது எம்மாத்திரம்?

கோட்டிங் கதைக்கு வருகிறேன். நனோ கோட்டிங் என்று சொல்லி விற்கிற உண்மையான செரமிக் கோட்டிங் என்றால் முதலில் வாகனத்தைக் கழுவி, களிமண் மாதிரியான கிளே பார் போட்டு அழுக்கெடுத்து, மெஷினால் பொலிஷ் பண்ணி, எண்ணெய்ப் பசை துடைத்து, பிறகுதான் பகுதி பகுதியாகப் பூசுவார்கள். பூசிய பிறகு இறுக நேரம் வேண்டும், குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. வேலை முடிய ஒரு முழு நாளுக்கு மேல் போகும். சோறு சாப்பிட்டு வருகிற நேரத்தில் முடிந்தால் அது ஸ்பிரே வெக்ஸ், இல்லாவிட்டால் சிலிக்கன் பொலிஷ். கீறலுக்குள் எண்ணெய் நிரம்பிக் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

ஹெட்லைட்டுக்குத் தின்னர் போட்டதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். இப்போதைய ஹெட்லைட் கண்ணாடி இல்லை, பொலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலைத் தாங்க அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். தின்னர் அதைக் கரைத்துவிடும். அப்புறம் மங்கி மஞ்சளாகிக்கொண்டே போகும். பனி மூடுகிற ரோட்டில் ஓடுகிற நமக்கு அதை விட்டுவைக்க முடியுமா? கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் ஹெட்லைட் ஜோடி விசாரித்திருக்கிறேன், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய காலத்தில் பழைய சாமானுக்கும் வைத்ததுதான் விலை என்றாகிவிட்டது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஷெல்லுக்குள் இருக்கிற பூச்சியை எடுக்கிறேன் என்று பிரெஷர் கன்னைக் கிட்ட வைத்து அடித்ததில் ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் இரண்டிலும் தகடுகள் மடிந்துவிட்டன. மடிந்தால் காற்றுப் போகாது. கினிகத்தேனை ஏற்றத்தில் ஆட்களோடு ஏறும்போது சூட்டு முள் மேலே போகத் தொடங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. பாஸ் சின்ன ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அங்கே சாதாரண குழாய்த் தண்ணீர், முடிந்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடித்தால் போதும்.

திரும்பவும் அந்த இடத்துக்குப் போனேன். “நீங்க வெளியில எங்கயோ கழுவியிருக்கீங்க அண்ணே, எங்க கோட்டிங் இப்படி வராது” என்றார் அதே மனேஜர். பில்லில் கோட்டிங் என்ற வார்த்தையே இல்லையே! அதனால் எந்த வேலை செய்தாலும் வேலையின் பெயர், பாவிக்கிற சாமானின் பெயர், வாரண்டி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது அவர்கள் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் உண்டு. அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. போட்டோக்களோடு நான் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இப்போது இரவு ஹயர் முடிந்து வந்தால் வேனை நிழலில் போட்டு, எஞ்சின் ஆறியதும் ஈரத் துணியைப் போட்டு ஊறவிடுகிறேன். வண்டிக்கென்று விற்கிற ஷம்பூ, மைக்ரோஃபைபர் துணி, இரண்டு வாளித் தண்ணீர். சவர்க்காரத் தூள், மண்ணெண்ணெய், தின்னர் கிட்டவே வரக்கூடாது. காலைக் குளிரில் கண்ணாடி உறைந்து கிடக்கும்போது கொதிதண்ணீர் ஊற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள், கண்ணாடி வெடித்தால் அது தனிச் செலவு.

டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிடும். கொழும்பு, வவுனியா, மட்டக்களப்பு என்று எல்லாப் பக்க வேன்களும் ஹட்டன் வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஏறும், பூச்சி ஒட்டிய முகத்தோடுதான் வரும். அந்த சர்விஸ் ஸ்டேஷன் வாசலில் ‘நனோ கோட்டிங் விசேட கழிவு’ என்று போர்ட் இப்போதே தொங்குகிறது. வெளியூர்ச் சாரதிமார் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.