பழைய காருக்கான மாற்று டேங்க் யூனிட்: பொருத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

அசல் உதிரிபாகம் இனிக் கிடைக்காத ஒரு பழைய காருக்காக, வேறொரு தயாரிப்பாளரின் டேங்க் யூனிட்டை (மிதவை ஏறி இறங்குவதற்கேற்ப மின்தடையை மாற்றி, டேங்க்கிலுள்ள பெட்ரோல் அளவை டேஷ்போர்டு முள்ளுக்குத் தெரிவிக்கும் பாகம்) வாங்கிப் பொருத்தினேன். பொருள் தரமானது, ஆனால் பெட்டியைப் பிரித்ததும் அப்படியே மாட்டிவிடலாம் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தக் காரில் இதற்கு முன்பு டேங்க்கை நிரப்பினாலும் பெட்ரோல் முள் கடைசிக் கோட்டைத் தொடாது. பாதிக்குக் கீழே இறங்கியதும் சட்டென்று காலிக்கு விழுந்துவிடும். இவை இரண்டும் வெவ்வேறு பழுதுகள் என்பது சோதித்தபோதுதான் தெளிவானது. முள் உள்ள கேஜிலிருந்து வரும் மின்னோட்டம் டேங்க் யூனிட்டின் மின்தடை வழியாகச் சென்று காரின் உலோக பாடியில் எர்த் ஆகிறது என்பதால், எர்த் இணைப்பில் துரு ஏறினால் அந்தத் துருவின் மின்தடையும் கணக்கில் சேர்ந்து, மின்தடை கூடினால் முள் இறங்கும் இவ்வகை கேஜில் முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் முதல் குறை தீர்ந்தது. பழைய யூனிட்டைக் கழற்றி, டேங்க்கிலிருந்து தள்ளி வைத்து, மல்டிமீட்டரை இணைத்து மிதவைக் கையை மெல்ல இறக்கியபோது, பாதி வழியில் அளவீடு அடியோடு மறைந்தது; உள்ளே சுற்றப்பட்ட மெல்லிய கம்பி அந்த இடத்தில் தேய்ந்து அறுந்திருந்தது. இரண்டாவது குறைக்கு அதுவே காரணம். பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒரே சமயத்தில் தவறாகக் காட்டும் கார்களில், டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு கேஜ்களுக்கும் சீரான மின்னழுத்தம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் டேங்க் யூனிட்டுக்குப் பணம் செலவிட வேண்டும்.

புதிய யூனிட்டைப் பொருத்துவதற்கு முன் கையில் வைத்தே அளந்தேன். இந்தக் காரின் கேஜுக்குக் காலி நிலையில் 240 ஓம், நிறைந்த நிலையில் 33 ஓம் வர வேண்டும். அளவீடு ஏறத்தாழ அப்படியே இருந்ததோடு, இடையில் எங்கும் துள்ளாமல் சீராக மாறியது. பித்தளை மிதவைக்குப் பதிலாக இதில் பிளாஸ்டிக் மிதவை உள்ளது. பித்தளை மிதவையில் ஊசித் துளை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து அது மூழ்கிவிடும் என்பதால், இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

குறைகள் இனிதான் வருகின்றன. மிதவைக் கையின் வளைவு பழையதோடு ஒத்துப்போகவில்லை. அப்படியே விட்டிருந்தால், டேங்க்கில் கணிசமான பெட்ரோல் இருக்கும்போதே முள் காலியைக் காட்டியிருக்கும். மின்தடைப் பகுதிக்கு அருகே கையை இடுக்கியால் இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்கப்பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டியிருந்தது, ஏனெனில் விசை உள்ளே போனால் தேய்த்துச் செல்லும் தொடுமுனை நெளிந்துவிடும். உடன் வந்த, கசிவைத் தடுக்கும் ரப்பர் காஸ்கெட் மெல்லியது. பெட்ரோல் கசிவில் சமரசம் கூடாது என்பதால், பெட்ரோலைத் தாங்கும் தடித்த நைட்ரைல் காஸ்கெட்டைத் தனியாக வாங்கிப் போட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பெட்டியிலோ தாளிலோ ஓம் அளவு எங்கும் அச்சிடப்படவில்லை என்பது. காலியில் 0, நிறைந்தால் 90 ஓம் என்று நேர்மாறாக இயங்கும் கேஜ்களும் உண்டு. அத்தகைய காரில் இதை மாட்டினால் முள்ளின் போக்கே தலைகீழாகிவிடும்.

பொருத்தும் வேலை கடினமானதல்ல. பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்க்கில் பெட்ரோலைக் குறைத்து, காற்றோட்டமான வெளியிடத்தில் செய்ய வேண்டும். யூனிட்டை டேங்க்கோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளி வேண்டாம், தீப்பொறி எழாத பித்தளைத் துண்டு போதும்.

இப்போது முள் நிறைந்த கோட்டைத் தொடுகிறது, பாதியிலும் சரியாக நிற்கிறது. கடைசிக் கால் பகுதியில் மட்டும் சற்று வேகமாக இறங்குகிறது. டேங்க்கின் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் நேர்வது அது, யூனிட்டைக் குறை சொல்ல முடியாது. வாங்க நினைப்பவர்கள் தங்கள் கேஜுக்குரிய ஓம் அளவை முதலில் அறிந்துகொண்டு, அந்த யூனிட் அதற்குப் பொருந்தும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெற்ற பிறகே பணம் கொடுக்க வேண்டும்.