கூலன்ட் எங்கே போகிறது: அழுத்தச் சோதனையா, ஒளிர் சாயமா, வாயுச் சோதனையா?

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் காரில் ஓடும் பாதை மூடிய சுற்றாகும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில், குளிர்ந்திருக்கும்போது பார்க்கும் கூலன்ட் மட்டம் மாதக்கணக்கில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை மேலே ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அது எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்; சூட்டில் ஆவியாகிவிட்டது என்ற சமாதானத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது. கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்கப் பிரஷர் டெஸ்டர், புற ஊதா ஒளியில் மின்னும் சாயம், எரியறையின் வாயு கூலன்டில் கலப்பதைக் காட்டும் ரசாயனச் சோதனை ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன என்பது என் கருத்து.

எந்தக் கருவியையும் எடுக்கும் முன், தரையில் சொட்டியிருப்பதை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏ.சி.யிலிருந்து வடியும் நீர் நிறமற்றது, வெறும் தண்ணீராகவே இருக்கும். கூலன்ட் நிறத்தோடும் லேசான வழவழப்போடும் இருக்கும். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு என்பதால், தொட்ட கையைக் கழுவ வேண்டும்; குழந்தைகளோ நாய் பூனைகளோ நெருங்கும் முன் தரையையும் துடைத்துவிட வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோல் ஒரு படலம் காய்ந்திருந்தால், பம்ப்பின் உள் சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே போதுமான சான்றாகும்.

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்றால், முதலில் எடுக்க வேண்டியது பிரஷர் டெஸ்டரே. ரேடியேட்டர் மூடி சுற்றுக்குள் வழக்கமாக 0.9 முதல் 1.1 பார் வரையிலான அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சில வண்டிகளில் இது இன்னும் கூடுதல். சரிபாதி நீர் கலந்த கூலன்ட் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டியது, இந்த அழுத்தத்தால்தான் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் சொட்டாத ஹோஸ், ஓடும்போது மட்டும் பீச்சுவதற்கும் இதே அழுத்தம்தான் காரணம். கைப்பம்ப் வைத்த இந்தக் கருவி, இன்ஜினை ஓட்டாமலேயே அந்த அழுத்தத்தைச் சுற்றுக்குள் உண்டாக்குகிறது. மூடியில் குறித்துள்ள அளவுக்கு மேல் ஏற்றாமல், பதினைந்து நிமிடம் கருவியின் அழுத்தமானி முள்ளைக் கவனித்தால் போதும். முள் இறங்கி வெளியிலும் ஈரம் தெரிந்தால் இடம் அகப்பட்டுவிட்டது. முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், கூலன்ட் இன்ஜினுக்குள்ளோ, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோரிலோ (காரின் உட்புறத்தைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. ஹீட்டர் கோர் என்றால் கால்மிதி நனைந்திருக்கும், முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படியும், உள்ளே இனிப்பு வாடை வீசும்.

இந்தச் சோதனையின் முடிவை நேரமும் மாற்றிவிடும் என்பதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் உள்ளங்கை அகலத்திற்கு நனைவு தெரிந்த ஒரு காரை, மாலையில் இளஞ்சூட்டோடு சோதித்தபோது முள் அசையவே இல்லை. மறுநாள் விடியற்காலையில், இன்ஜின் முற்றிலும் ஆறியிருந்த நிலையில் அதே அழுத்தத்தை ஏற்றியதும், கீழ் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில், ஹோஸை இறுக்கும் கிளாம்ப்பின் விளிம்பில் ஒரு துளி மெல்லத் திரண்டு நின்று, கனத்து, விழுந்தது. குளிரில் ரப்பர் சுருங்குவதால் வரும் கசிவு சூட்டில் தானாக மூடிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, பிளாஸ்டிக் தொட்டியில் விழுந்த நுண்ணிய விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். ஆகவே ஒரு முறை முள் நின்றுவிட்டது என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெஸ்டரை மாட்டுவதற்காக நாம் கழற்றி வைக்கும் மூடியே பழுதாகவும் இருக்கலாம். அதைத் தனி அடாப்டரில் பொருத்திச் சோதிப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒளிர் சாயத்தின் பலம் பொறுமையில் இருக்கிறது. கூலன்டில் கலந்துவிட்டுச் சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டி, பிறகு இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால், கசிந்த இடம் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். உண்மையான ஓட்டத்தின் சூடு, அதிர்வு, அழுத்தம் எல்லாம் சேர்ந்தால் மட்டுமே தலைகாட்டும் மெல்லிய கசிவுக்கு இதைவிடத் தக்க வழி இல்லை. ஆனால் காற்றில் சிதறிய துளிகள் கசிவு இல்லாத இடத்திலும் மின்னும். பழைய கறையும் மின்னும். சில கூலன்டுகள் சாயம் சேர்க்காமலேயே ஓரளவு ஒளிரும். முன்கூட்டியே இன்ஜினைக் கழுவிவிடாமல் இதைச் செய்வது வீண் வேலை. மட்டம் வேகமாக இறங்கும் வண்டியைச் சாயத்துக்காகச் சில நாட்கள் ஓட்டச் சொல்வது அதைவிட மோசம், ஏனெனில் இன்ஜின் கொதித்தால், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் வளைந்துவிடும்.

வாயுச் சோதனை விடை சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: எரியறையின் வாயு கூலன்டுக்குள் நுழைகிறதா? இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, கூலன்ட் மட்டத்தைச் சற்றுக் குறைத்து, நீல நிறத் திரவம் உள்ள குழாயை அந்த மூடி இருந்த திறப்பில் பொருத்தி, பிறகு இன்ஜினை ஓட்டி, கூலன்டுக்கு மேலுள்ள காற்றை அத்திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, அல்லது ஹெட்டில் விரிசல் விழுந்துவிட்டது என்று கொள்ளலாம். நிறம் மாறாவிட்டால் முழு நிம்மதி கொள்வதற்கில்லை, ஏனெனில் தொடக்கநிலை விரிசல் கூலன்டை மட்டும் உள்ளே விட்டு, வாயுவை வெளியே விடாமல் இருக்கக்கூடும். பெட்ரோல் வண்டியில் அந்த ஐயம் தீர, இரவு முழுவதும் அழுத்தம் ஏற்றி வைத்துவிட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிறு கேமராவால் உள்ளே பார்ப்பது நல்லது. மற்ற பிஸ்டன்களின் தலை கரிபிடித்திருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டரில்தான் கசிவு. ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்ணுரை இருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்; குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது சேரும்.

டீசல் வண்டியில் மூன்று சோதனையும் தெளிவான விடை தராமல், சைலன்சரில் வெண்புகை மட்டும் வந்துகொண்டிருந்தால், ஹெட்டைத் தொடும் முன், இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரைப் பார்க்க வேண்டும்.

எந்த வழியில் இடத்தைக் கண்டுபிடித்திருந்தாலும், பழுது பார்த்த பின் பிரஷர் டெஸ்டரை மீண்டும் மாட்டிப் பதினைந்து நிமிடம் முள் நிற்கிறதா என்று பார்த்து, சுற்றில் தங்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, மறுநாள் காலையில் தொட்டியின் வெளிப்புறத்தில் கூலன்ட் மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும்.