திருப்பாச்சேத்திப் பட்டறையில் கத்தி சொல்லிச் செய்வது: எதில் காசைக் குறைக்கலாம், எதில் கூடாது

மதுரை–மானாமதுரை வழியில் உள்ள திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் அருவாள், வெட்டுக்கத்தி, இளநீர் சீவுகிற கத்தி ஆகியவற்றைத் தயங்காமல் சொல்லிச் செய்யலாம். கனமான அலகில் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் அபாரமானது. மீன் கத்தி மாதிரி மெல்லிய அலகு கேட்பதாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதுகு 2 மி.மீ.க்குக் கீழே போனால் துவைச்சலில், அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, அலகு கோணிக்கொள்ளும். தடிப்பாக வைத்துத் துவைத்துவிட்டுப் பிறகு தேய்த்துத்தான் மெலிதாக்க முடியும். அந்தத் தேய்ப்புக் கூலியே பாதி விலை ஆகிவிடும்.

பலர் தப்பாகப் பேரம் பேசுவது இரும்பு விலையில். 20 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்புள்ள அலகின் எடை 210 கிராம்தான். செதிளாக உதிர்வது, தேய்ப்பில் போவது எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோ லாரிப் பட்டை (பழைய லாரியின் வில் பட்டை) போதும். காசு போவது கரிக்கும், சம்மட்டி அடிக்கும் ஆளின் கூலிக்கும், தேய்ப்புக்கும், பிடிக்கும்.

அதனால் "எவ்வளவு ஆகும்?" என்று தொடங்காமல், அட்டையில் அசல் அளவுக்கு வெட்டிய வடிவத்தைக் கையில் கொடுத்து, "அண்ணே, 1,500 ரூபாய் வச்சிருக்கேன், இதுக்குள்ள என்ன வரும்?" என்று கேட்பது நல்லது. முதுகுத் தடிப்பு, எடை, எதை வெட்டப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தொகையை மறைத்து வைத்துக் கடைசியில் 300 ரூபாய் அடித்துக் குறைத்தால், அது எந்த வேலையில் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

குறைக்க வேண்டிய இடத்தை நீங்களே சொல்லலாம். அலகின் மேல்பாதியை உலைக் கறுப்போடு விட்டுவிடச் சொன்னால் தேய்ப்பும் பாலிஷும் மிச்சம். ஈட்டி மரத்துக்குப் பதில் வாகை போதும். பித்தளைப் பூண் இல்லாமல் இரும்புப் பூண் போடலாம்.

துவைச்சலில் மட்டும் கை வைக்காதீர்கள். லாரிப் பட்டை எண்ணெயில் துவைக்க வேண்டிய எஃகு. தண்ணீரில் முக்கினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வாய்ப்பக்கம், அதாவது வெட்டுகிற கூர் ஓரத்தில், மயிரிழை விரிசல் விழ வாய்ப்பு அதிகம். துவைத்த பின் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதத்தை, அதாவது கடினத்தை, கொஞ்சம் இறக்க வேண்டும். சமையல் கத்திக்கு அலகு வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை, அதாவது சுமார் 220 டிகிரி. விறகு வெட்டுகிற அருவாளுக்குப் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம், சுமார் 270. அவசரத்தில் விட்டுப்போவது இந்த இளஞ்சூடுதான். அது விட்டுப்போனால் முதல் எலும்பிலேயே வாய் பொரிந்து சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடும். கடைசித் தேய்ப்பில் கல்லை அழுத்திப் பிடித்து வாய் நீலமாகிவிட்டால் அந்த இடம் இளகிவிட்டது என்று பொருள். மினுக்கிவிட்டால் நிறம் போய்விடும், இளக்கம் போகாது.

பழைய பட்டையில் நடு போல்ட் துளையை ஒட்டிய பகுதி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விரிசல் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். பட்டையின் ஓரத் துண்டைக் கேளுங்கள். பிடி எப்படி என்பதையும் துவைச்சலுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஆணித் துளைகளை அதற்கு முன்தான் போட முடியும். துவைத்த பிறகு பிடியை மாற்றச் சொன்னால் சாதாரண டிரில் பிட் இறங்காது, மறுபடி சூடு காட்டினால் பதம் கெடும். அப்போது கூடுதல் கூலி கேட்பதில் நியாயம் உண்டு.

வாங்குபவரின் பெயர், முகவரி, என்ன உபயோகத்துக்கு என்பதைப் பதிந்து வைக்கும்படி 2021-இல் போலீஸ் பட்டறைகளுக்குச் சொன்னது, அதனால் ஆதாரை எடுத்துக்கொண்டு போங்கள்.

கத்தியைக் கையில் வாங்கும்போது 6 மி.மீ. பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சாய்த்து வைத்து மெதுவாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். வாய் வளைந்து நிமிர்ந்தால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் இளக்கம், பொரிந்தால் இளஞ்சூடு போதவில்லை. இரண்டில் எது நடந்தாலும் மறுபடி பதம் சரிசெய்யும் கூலி யாருடையது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.