வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி: ஊட்டிக் குளிரில் பாப்பா கன்னத்துக்கு எப்படி?

மெடிக்கல் ஷாப்பில் 'ஒயிட் பெட்ரோலியம் ஜெல்லி ஐ.பி.' என்று மட்டும் அச்சிட்ட டப்பா ஒன்று கிடைக்கும் ('ஐ.பி.' என்பது இந்திய மருந்துத் தர நூலான இந்தியன் ஃபார்மகோபியாவின் சுருக்கம்). மேலே பூப்படம் கிடையாது, சிரிக்கிற குழந்தை கிடையாது, பாதாம் கிடையாது. கன்னம் வெடித்து, முகவாய் சிவந்து போயிருந்த எங்கள் பாப்பாவுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க ஓடியது அந்த டப்பாதான். ஐந்துக்கு நாலரை மார்க் கொடுப்பேன். அந்த அரை எங்கே போனது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஊட்டி. டிசம்பர், ஜனவரியில் விடிகாலை புல்வெளியில் உறைபனி படியும், பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், காற்றில் ஈரமே இருக்காது, ராத்திரி ரூம் ஹீட்டர் போட்டால் மிச்சமிருக்கிற ஈரமும் போய்விடும். பெரியவர்களுக்கே உதடு வெடிக்கிற சீசன். குழந்தையின் மேல்தோல் நம்முடையதை விட மெல்லிசு, உள்ளே இருக்கிற ஈரத்தைச் சீக்கிரம் விட்டுவிடும். இதோடு மூணு நாலு மாதத்தில் ஜொள்ளு வேறு ஆரம்பித்துவிடும். எச்சில் பட்டு நனைவது, காற்றில் காய்வது, நாம் துணியால் துடைப்பது, மறுபடி நனைவது. எச்சிலில் இருக்கிற செரிமான நொதிகளும் சும்மா இருக்காது. இப்படி நாள் முழுக்க நடந்தால் வாயைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் விழும், கன்னம் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். பல் முளைக்கிறதால்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், பாப்பாவுக்குப் பல்லே வரவில்லை, ஜொள்ளு மட்டும் சட்டை நனைகிற அளவுக்கு.

ஜெல்லி செய்கிற வேலை ரொம்பச் சாதாரணமானது. அது தோலுக்கு ஈரம் கொடுக்காது. இருக்கிற ஈரம் வெளியே போகாமல், வெளியே இருக்கிற எச்சில் உள்ளே படாமல், நடுவில் ஒரு படலமாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதனால் எப்போது தடவுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் செய்வது இது: குளிப்பாட்டி, துவாலையால் ஒற்றி எடுத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவிவிடுவேன். ஊட்டிக் காலையில் டப்பாவுக்குள் ஜெல்லி மெழுகு மாதிரி இறுகியிருக்கும், அப்படியே கன்னத்தில் இழுத்தால் பாப்பா கத்துவாள். ஒரு மிளகு அளவு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் இளகிவிடும், அதை முகவாய், வாயோரம், கன்னம், கழுத்து மடிப்பு என்று ஒற்றி ஒற்றி வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் ஜொள்ளு ஒழுகும்போது பார்த்தால் தெரியும், எச்சில் தோலில் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நேரே கழுத்தில் கட்டிய பிப்பில் போய் விழும். சாப்பாடு ஊட்டுவதற்கு முன்பும், வெளியே தூக்கிப் போவதற்கு முன்பும், ராத்திரி தூங்க வைக்கும் முன்பும் இதே மாதிரி. சிவந்த பிறகு அள்ளி அப்புவதை விட, நனைவதற்கு முன்பே லேசாகப் பூசுவது நூறு மடங்கு மேல். இணை உணவு ஆரம்பித்தவர்கள் தக்காளி ரசம், சாத்துக்குடி ஜூஸ் கொடுக்கும் நாட்களில் இதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"பெட்ரோலா? குழந்தை மூஞ்சிலயா?" என்று வீட்டில் கேட்டார்கள். கச்சா எண்ணெயிலிருந்துதான் வருகிறது, உண்மை. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்க வேதியியலாளர் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் குழாய்களில் ஒட்டிய மெழுகைத் தொழிலாளிகள் காயத்துக்குத் தடவுவதைப் பார்த்து, அதைச் சுத்தம் செய்து, 1872இல் வாசலின் என்று காப்புரிமை வாங்கினார். தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டதாகவும் சொல்லிக்கொண்டார், 96 வயது வரை இருந்தார். (நீங்கள் சாப்பிட வேண்டாம்.) நமக்கு வேண்டியது மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது, அதற்குத்தான் அந்த 'ஐ.பி.' எழுத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வாயோரம் பூசியதைக் குழந்தை கொஞ்சம் நக்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மூக்குத் துவாரத்துக்குள் மட்டும் தடவாதீர்கள், மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் பிரச்சினை.

மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்தவைதான், எல்லாவற்றுக்கும் என் அபிப்பிராயம் இருக்கிறது.

பரிசாக வந்த பேபி கிரீம் ஒன்று, பெட்டியே அழகு, திறந்தால் அறை முழுக்க மணம். அந்த மணம்தான் குறை. ஏற்கெனவே வெடித்திருக்கிற தோலில் பர்ஃப்யூம் படக் கூடாது. லேபிளில் பர்ஃப்யூம், பார்ஃபம், ஃப்ரேக்ரன்ஸ் எது எழுதியிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். 'பேபி' என்று பெயர் போட்ட ஜெல்லிகளிலும் சில வாசனை சேர்த்தவை, டப்பாவைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 'அன்சென்டட்' என்று போட்டிருந்தாலும் நம்பிவிட முடியாது, வாசனையை மறைக்கவே வேறு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் காம்பு வெடிப்புக்குப் பூசும் லானோலின் கிரீமைக் குழந்தை கன்னத்துக்கும் போடலாம் என்று சொல்வார்கள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு அது, பலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2023இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று லானோலினைத்தான் அறிவித்தது. கரப்பான் (எக்ஸிமா) இருக்கிற குழந்தை என்றால் நான் யோசிப்பேன். அதே சங்கம் 2013இல் அறிவித்தது மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற, பொருள் கெடாமல் காக்கும் ரசாயனம், அதைச் சில ஈர வைப்ஸ்களில் போடுவார்கள். வாய் துடைக்க வைப்ஸ் வேண்டாம் என்று நான் நிறுத்திவிட்டேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணி, வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, போதும்.

"ஏம்மா, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுனா சரியாப் போயிடும்" என்றார் அத்தை. அத்தை சொன்னதில் தப்பில்லை, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். எனக்கு இருக்கிற தகராறு எச்சிலோடு. எண்ணெய் சீக்கிரம் வழிந்து போய்விடும், ஜொள்ளுக்கு முன்னால் நிற்காது. போதாததற்கு ஊட்டியில் அது பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும், தினம் வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். உடம்புக்கு அது, முகவாய்க்கு ஜெல்லி என்று சமாதானம் ஆகிவிட்டது. ஆலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், அதில் அதிகமாக இருக்கிற ஓலிக் அமிலம் தோலின் தடுப்பையே தளர்த்திவிடுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்காக ஒன்று. சளி என்றால் கை தானாக நீலகிரித் தைலத்துக்குப் போகும். கைக்குழந்தை முகத்தில், மூக்கருகில் அதைத் தடவாதீர்கள். வெடித்த தோலில் எரியும் என்பது சின்ன விஷயம், மூச்சுத் திணறல் வரலாம், வாய்க்குள் போனால் வலிப்பு வரைக்கும் போகும். கற்பூரம் கலந்த தைலங்களும் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். ஒரு மருந்துக்கடையில் ஜெல்லி கேட்டபோது கடைக்காரத் தம்பி பாப்பா முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல மாயமாயிடும்" என்று ஒரு டியூபை நீட்டினார். திருப்பிப் பார்த்தால் வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்து, கூடவே ஆன்டிபயாடிக், மூன்றும் ஒன்றாக. சீட்டு கேட்கவில்லை, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கூடக் கேட்கவில்லை. மாயமாகும், நிஜம்தான், ஆனால் நிறுத்தினால் திரும்ப வரும். நாள்படப் போட்டால் தோல் மெலிந்துபோகும், குழந்தைத் தோல் மருந்தை உள்ளே இழுப்பதும் அதிகம். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தும் கடைகளில் இப்படித்தான் நடக்கிறது. டாக்டர் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று எழுதிக் கொடுக்கிற லேசான ஸ்டீராய்டு வேறு விஷயம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

சரி, அந்த அரை மார்க். பிசுபிசுப்பு. தலையணை உறை, என் சேலைத் தோள்பட்டை, பாப்பாவின் முன்முடி, எல்லாவற்றிலும் ஒட்டும், சாதாரணமாகத் துவைத்தால் முழுக்கப் போகாது. போகாத எண்ணெய் துணியில் ஊறினால் தீ சீக்கிரம் பிடிக்கும் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது, ஹீட்டர், குத்துவிளக்கு, சாம்பிராணித் தட்டு பக்கத்தில் கவனம். அப்புறம் இது குளிர் ஊருக்கான மதிப்பெண். சென்னை, மதுரை மே மாதத்தில் முகம் முழுக்க அப்பினால் வேர்த்து வேர்க்குரு வந்துவிடும், அங்கே வாயைச் சுற்றி மட்டும் மெல்லிசாகப் போடுங்கள், கன்னத்துக்கு வாசனையில்லாத லோஷன் போதும். பவுடர் எந்த ஊரிலும் வேண்டாம், ஜொள்ளில் குழைந்து கழுத்து மடிப்பில் திரிதிரியாக நிற்கும், மூச்சில் வேறு போகும்.

இன்னொன்று, பிறந்ததிலிருந்தே பூசினால் கரப்பானே வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். பிரிட்டனில் 1,394 பச்சிளங்குழந்தைகளை எடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு முதல் வருடம் முழுக்க தினமும் மாய்ஸ்சரைசர் பூசிப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது, கரப்பான் குறையவில்லை. ஜெல்லி தடுப்பது வறட்சியையும் எச்சில் புண்ணையும்தான், அதை நன்றாகத் தடுக்கிறது.

தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சலோடு கொப்புளம் கொத்தாக வந்தாலோ, முழங்கை, முழங்கால் பக்கமும் சொறிந்து தூக்கம் கெட்டாலோ டப்பாவை மூடி வைத்துவிட்டுக் குழந்தை டாக்டரிடம் போங்கள். வாங்குகிறவர்கள் முடிந்தால் டியூபாக வாங்குங்கள், ஆளாளுக்கு விரல் விட்டு அழுக்காகாது. டப்பாதான் கிடைத்தது என்றால் காய்ந்த சின்ன ஸ்பூனால் எடுங்கள். நூறு கிராம், நாங்கள் வாங்கியபோது நூற்றைம்பது ரூபாய்க்குள்தான், எங்களுக்கு இந்தக் குளிர் முடிந்தும் பாதி மிச்சம் இருக்கிறது.